எடைக்குள் அடங்காத குப்பை

மின்னணுக் கழிவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது ஓர் எண்: 6.2 கோடி டன். 2022இல் உலகம் முழுக்கக் கழித்துப் போட்ட டிவி, ஃப்ரிட்ஜ், கைப்பேசி, கேபிள், பேட்டரி பொம்மை, சூரியத் தகடு எல்லாம் சேர்ந்த எடை அது. ஐ.நா.வின் பயிற்சி ஆய்வு நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2024இல் வெளியிட்ட உலக அறிக்கை சொல்லும் கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவாகியிருப்பது 22.3 சதவீதம். செய்திகளில் இந்த இரண்டு எண்களும் ஜோடியாகவே வரும். இவை எங்கிருந்து கிடைத்தன என்று தேடிப் போனதில்தான் எனக்கு இந்த விஷயத்தின் உள்பக்கம் தெரிய ஆரம்பித்தது.

6.2 கோடி டன்னை யாரும் தராசில் ஏற்றி நிறுக்கவில்லை. ஒரு நாட்டில் எத்தனை கருவிகள் சந்தைக்கு வந்தன, ஒவ்வொரு வகையும் சராசரியாக எத்தனை ஆண்டு உழைக்கும், ஒன்றின் எடை எவ்வளவு என்பதை வைத்து, இந்த ஆண்டு இவ்வளவு கழிந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல கணக்குதான், ஆனாலும் மதிப்பீடு. 22.3 சதவீதம் அப்படி வந்ததில்லை. இவ்வளவு சேகரித்தோம், இந்த ஆலைக்கு அனுப்பினோம் என்று நாடுகள் ஏடுகளில் எழுதிக் கொடுத்தது. ஆகவே மீதி 77.7 சதவீதமும் குப்பைமேட்டில் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஏடு தொடாத பகுதி.

அந்தப் பகுதியையும் அதே அறிக்கை பிரித்துக் காட்டுகிறது. ஏறத்தாழ 1.6 கோடி டன், வசதியான நாடுகளிலேயே மின்னணுக் கழிவுக்கான முறைக்கு வெளியே, பழைய இரும்போடும் பிளாஸ்டிக்கோடும் கலந்து போகிறது. 1.8 கோடி டன் வருமானம் குறைந்த நாடுகளில் பதிவில்லாத தொழிலாளர்களின் கைகளுக்குப் போகிறது. 1.4 கோடி டன் சாதாரணக் குப்பையோடு சேர்ந்து பெரும்பாலும் மண்ணுக்குள் போகிறது. மூன்று பாதைகள், மூன்று விதமான கேடுகள். ஒரே சட்டத்தால் மூன்றையும் பிடிக்க முடியாது. ஆனால் பெரும்பாலான சட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. அது எடை.

என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்னணுக் கழிவின் கேடும் மதிப்பும் மில்லிகிராமில் இருக்கின்றன, சட்டமோ டன்னில் அளக்கிறது. படிக்கப் படிக்க, மற்றப் பல குறைகளின் வேரும் இந்தப் பொருத்தமின்மையில்தான் போய் நிற்பதாக எனக்குப் படுகிறது.

ஒரு சலவை எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும்போது ஆடாமல் இருக்க அதற்குள் கான்கிரீட் கட்டைகள் வைத்திருப்பார்கள். பல மாடல்களில் அவை மட்டுமே 20 கிலோவுக்கு மேல். ஒரு கைப்பேசியில் இருக்கும் தங்கமோ ஒரு கிராமில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் ஒரு டன் கைப்பேசிகளைச் சேர்த்தால் சில நூறு கிராம் தங்கம் தேறும். சுரங்கத்தில் ஒரு டன் தாதுவைத் தோண்டினால் பெரும்பாலும் ஒற்றை இலக்க கிராம்தான். எடையை மட்டும் இலக்காக வைத்தால் கழிவு நிறுவனம் எதைத் தேடிப் போகும்? சலவை எந்திரத்தைத்தான். இலக்கு எட்டப்படும், கைப்பேசி அலமாரியிலேயே கிடக்கும். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 8,775 வீடுகளைக் கேட்டு 2022இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, சராசரியாக ஒரு வீட்டில் 74 மின்கருவிகள் இருக்கின்றன. அவற்றில் 13 சும்மா தூங்குகின்றன, அந்தப் பதின்மூன்றிலும் 9 வேலை செய்யும் நிலையில்.

சேகரித்த பிறகும் இதே கதைதான். பெரிய அரைவை எந்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டி நொறுக்கி, காந்தத்தால் இரும்பையும் சுழல் மின்னோட்டத்தால் அலுமினியத்தையும் பிரிப்பது வேகமான வழி. டன் கணக்கில் பார்த்தால் அபாரமான மீட்பு. 2009இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு, இப்படியோர் ஆலைக்குள் நுழைந்த விலையுயர்ந்த உலோகங்கள் எந்தெந்தக் குவியலில் போய் முடிகின்றன என்று பின்தொடர்ந்து பார்த்தது. தங்கத்திலும் பல்லேடியத்திலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் மீட்கக்கூடிய குவியலுக்கு வந்தது. மீதி தூசியாகவும் துணுக்காகவும் இரும்போடும் பிளாஸ்டிக்கோடும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. எடைக் கணக்கில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்களின் நிலை இன்னும் மோசம்: உலகத் தேவையில் சுமார் 1 சதவீதம்தான் மின்னணுக் கழிவிலிருந்து கிடைக்கிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் மரியாதை உண்டாக்கிய சட்டப் பகுதி எது என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 மின்னணுக் கழிவு உத்தரவில் உள்ள ஏழாவது இணைப்பைச் சொல்வேன். பட்டியல்தான், ஆனால் எழுதியவர்கள் கருவியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அரைப்பதற்கு முன் என்னென்னவற்றைத் தனியே கழற்ற வேண்டும் என்று அது சொல்கிறது: பாதரசம் உள்ள பாகங்கள், பேட்டரி, பழைய மின்தேக்கிகள், டோனர் பெட்டி, புரோமின் கலந்த தீத்தடுப்பு பிளாஸ்டிக், பழைய டிவியின் படக்குழாய், குளிர்வாயு, வெளி மின்கம்பி. கைப்பேசியானால் சர்க்யூட் போர்டு கட்டாயம் வெளியே வர வேண்டும். மற்றக் கருவிகளில் போர்டின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் வெளியே வர வேண்டும்.

இந்தக் கழற்றும் வேலையில் போர்டும் கம்பியும் தவிர விற்க அதிகம் எதுவும் கிடைக்காது, பெரும்பாலும் செலவுதான். பழைய ஃப்ரிட்ஜை நினைத்துப் பாருங்கள். கம்ப்ரஸரில் செம்பும் இரும்பும் இருக்கின்றன, அதை வெட்டி எடுத்தால் காசு. அப்படி வெட்டும் நொடியில் குழாயிலிருந்த வாயு காற்றோடு போய்விடும். பழைய மாடல்களில் இருந்த ஆர்-12 என்ற குளிர்வாயு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 10,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதைவிட அதிக வாயு சுவரின் நுரைக்குள் அடைபட்டிருக்கிறது. மூடிய அறையில் அரைத்தால்தான் அதைப் பிடிக்கலாம். கம்ப்ரஸர் போன ஃப்ரிட்ஜும் எடையில் கொஞ்சம்தான் குறைகிறது. தராசு அதை நல்ல ஃப்ரிட்ஜ் என்றே சொல்லும்.

சரி, இந்தச் செலவை யார் ஏற்பது? ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990இல் தன் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு யோசனை சொன்னார். பொருளைச் செய்பவரே அதன் முடிவு வரைக்கும் பொறுப்பாளி. கழிவின் செலவு உற்பத்தியாளர் தலையில் விழுந்தால், எளிதாகக் கழற்றும்படியும் விஷம் குறைவாகவும் அவரே வடிவமைப்பார் என்பது எதிர்பார்ப்பு. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று இன்று உலகெங்கும் சட்டங்களில் இருப்பது இதுதான். 2023 நிலவரப்படி மின்னணுக் கழிவுக்கென்று சட்டமோ கொள்கையோ வைத்திருந்த நாடுகள் 81. அவற்றில் 67 நாடுகளில் இந்தப் பொறுப்பு இடம்பெற்றிருக்கிறது.

காசு வாங்கும் நேரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. சுவிட்சர்லாந்தில் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணம் விலையோடு சேர்ந்துவிடும். ஜப்பானில் 2001 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி, சலவை எந்திரம் இவற்றைக் கழிப்பவர் கழிக்கும்போது கட்ட வேண்டும். எனக்கு முதல் வழியே சரியாகப் படுகிறது. கையில் ஓட்டைப் பொருளோடு நிற்பவரிடம் பணம் கேட்டால், இலவசமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வரும் முதல் ஆளிடம் கொடுத்துவிடுவது மனித இயல்பு. அந்த ஆள் அதை எங்கே கொண்டுபோகிறார் என்பது அப்புறம் யாருக்கும் தெரியாது.

லிண்ட்க்விஸ்ட் எதிர்பார்த்த வடிவமைப்பு மாற்றம் மட்டும் இந்த வழியில் பெரிதாக வரவில்லை. காரணம், மறுபடியும் எடை. உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பை நிறுவி, சந்தையில் விற்ற எடைக்கு ஏற்பப் பணம் கட்டுகிறார்கள். நாலு திருகில் பிரிக்கும்படி செய்தவரும், பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியவரும் கிலோவுக்கு ஒரே தொகை கட்டினால் முதலாமவருக்கு என்ன லாபம்? பிரான்ஸ் இதைக் கவனித்து, வடிவமைப்பைப் பொறுத்துக் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 2021இலிருந்து அங்கே சில கருவிகளில் பழுதுபார்க்கும் எளிமைக்கான மதிப்பெண்ணையும் ஒட்டி விற்க வேண்டும். சரியான திசை என்றே நினைக்கிறேன்.

வடிவமைப்பை உண்மையில் அசைத்த சட்டம் வேறு. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பியச் சந்தைக்கு வரும் கருவிகளில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், இரண்டு வகைப் புரோமின் தீத்தடுப்புப் பொருள்கள் ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் உச்சவரம்பு வைத்தது. அதுவரை உலகமெங்கும் சர்க்யூட் போர்டில் பற்றவைக்க பெரும்பாலும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவையைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரே கருவியை இரண்டு விதமாகச் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், ஐரோப்பாவில் விற்காத சரக்கில்கூட ஈயம் குறைந்தது. கழிந்த பிறகு எவ்வளவு சேகரித்தாய் என்று கேட்காமல், உள்ளே என்ன போட்டாய் என்று கேட்ட சட்டம் இது. எந்த உலோகம், எவ்வளவு என்று கேட்டதால்தான் பதிலும் வந்தது.

கழிவு எல்லை தாண்டும்போது இதெல்லாம் இன்னும் குழம்புகிறது. அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் 1989 மார்ச்சில் கையெழுத்தாகி 1992இல் அமலுக்கு வந்தது. 1986இல் ஃபிலடெல்ஃபியாவின் எரியூட்டிச் சாம்பலை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக அலைந்த கப்பலும், 1988இல் நைஜீரியாவின் கோகோ என்ற ஊரில் கொட்டப்பட்ட இத்தாலிய நச்சுக் கழிவும் உலகை உலுக்கியதால் வந்த ஒப்பந்தம் அது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு அபாயக் கழிவை அனுப்பவே கூடாது என்ற திருத்தம் 1995இல் ஏற்கப்பட்டது. அது அமலுக்கு வந்தது 2019 டிசம்பரில். இருபத்து நாலு வருடம்! அமெரிக்கா 1990இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதி செய்யவில்லை.

ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை, பழைய பொருளுக்கும் கழிவுக்கும் நடுவே உள்ள கோடு. ஓடுகிற பழைய கணினி வணிகப் பொருள், ஓடாதது கழிவு. பெட்டிக்குள் அடுக்கிய பிறகு யார் சொருகிப் பார்ப்பது? நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகங்களில் 2015, 2016 ஆண்டுகளில் ஆட்களை நிறுத்திச் செய்த ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பழைய மின்கருவிகள் வருவதாகக் கண்டது. கிட்டத்தட்ட 70 சதவீதம் பழைய கார்களுக்கும் வேன்களுக்கும் உள்ளே திணிக்கப்பட்டு வந்தது. சோதித்தவற்றில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவாக வேலை செய்யவில்லை. கப்பல் ஏட்டில் அவை கார்கள்தான். ஐரோப்பாவின் 2012 உத்தரவு இந்த இடத்தில் நிரூபிக்கும் கடமையை அனுப்புபவர் பக்கம் திருப்பியது. ஒவ்வொரு கருவியும் ஓடுகிறது என்ற சோதனைத் தாளும், சரியான பொதியலும் அவர்தான் காட்ட வேண்டும்.

ஏடு பொய் சொல்லும்போது பொருளையே பேச வைத்த முயற்சியும் உண்டு. பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு அமெரிக்காவில் சுமார் 200 பழைய கருவிகளுக்குள் இடங்காட்டும் ஜிபிஎஸ் கருவியை ஒளித்து, நன்கொடை மையங்களிலும் மறுசுழற்சியாளர்களிடமும் கொடுத்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்டை விட்டு வெளியேறியது, பெரும்பாலானவை ஆசியாவுக்கு. பாதரசம் உள்ள தட்டைத்திரைகளை ஹாங்காங்குக்கு அனுப்பிவிட்டு, இங்கேயே பாதுகாப்பாகப் பிரித்தோம் என்று பில் போட்ட சியாட்டில் நிறுவனம் ஒன்று இப்படித்தான் மாட்டியது. அதன் உரிமையாளர்கள் இருவருக்கும் 2019இல் 28 மாதச் சிறை. 

சமீபத்தில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன. செய்திகளில் அதிகம் அடிபடாவிட்டாலும் எனக்கு நம்பிக்கை தருகிறவை. 2022 வரை உலகச் சுங்கக் குறியீட்டுப் பட்டியலில் மின்னணுக் கழிவுக்கென்று தனி எண் கிடையாது. பழைய உலோகம், பழைய எந்திரம் என்று எதற்குள்ளாவது ஒளிந்துகொள்ளும். அந்த ஆண்டு 8549 என்ற தலைப்பு சேர்ந்தது. அடுத்து, கானாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து முன்மொழிந்த பாசல் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அபாயமானதோ இல்லையோ, எந்த மின்னணுக் கழிவானாலும் வாங்கும் நாட்டின் முன் ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது. ஆபத்தில்லாத கழிவு என்று பெயர் மாற்றித் தப்பிக்கும் வழி இதனால் அடைபடுகிறது.

இனி பதிவில்லாத தொழிலாளர்களின் கைகளுக்குப் போகும் அந்த 1.8 கோடி டன். சீனாவின் குய்யு, கானா தலைநகர் அக்ராவில் இருந்த அக்போக்ப்ளோஷி போன்ற இடங்களைப் பற்றிப் படிக்காமல் இந்தத் துறையைக் கடக்க முடியாது. செம்புக்காகக் கேபிளை எரிக்கிறார்கள். உறையான பிவிசியில் குளோரின் இருக்கிறது, செம்பு வினையைத் தூண்டுகிறது, இரண்டும் சேர்ந்து டயாக்சின் என்ற கொடிய நச்சைப் பிறப்பிக்கின்றன. போர்டைக் கரியடுப்பில் வாட்டிச் சில்லுகளைப் பிடுங்குகிறார்கள், ராஜ திராவகத்தில் தங்கத்தைக் கரைக்கிறார்கள். மிச்சத் திராவகம் வாய்க்காலுக்குப் போகிறது. குய்யுவில் ஒன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளைச் சோதித்த ஆய்வு 2007இல் வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இன்று கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருப்பது 3.5. இந்த வரியைப் படித்த பிறகு டன் கணக்கு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அரசுகள் என்ன செய்தன? சீனா 2015 வாக்கில் குய்யுவின் பட்டறைகளை ஒரு தொழில்பேட்டைக்குள் கொண்டுவந்தது. கானா 2021 ஜூலையில் அக்போக்ப்ளோஷிப் பழைய பொருள் சந்தையை இடித்துத் தள்ளியது. இடித்ததால் தொழில் நிற்கவில்லை. சுற்றுப்புறங்களில் சிறு சிறு இடங்களாகச் சிதறி, முன்னைவிடக் கண்காணிக்கக் கடினமானதாக ஆனது.

இந்தப் பதிவில்லாத தொழிலாளர்களிடம் இருப்பதும் முறையான ஆலைகளிடம் இல்லாததும் ஒன்று உண்டு: சேகரிக்கும் திறமை. வாசலுக்கு வந்து, காசு கொடுத்து, உடைந்ததையும் வாங்கிப் போகிறார்கள். கையால் பிரிப்பதால் போர்டு நொறுங்காமல் முழுதாக வருகிறது. அந்த ஜெர்மானிய ஆய்வில் அரைவை எந்திரம் தொலைத்த தங்கம், கையால் பிரித்திருந்தால் தொலைந்திருக்காது. அவர்களிடம் இல்லாதது கடைசிக் கட்டம், அதாவது போர்டிலிருந்து பதினேழு பதினெட்டு உலோகங்களைப் புகை வெளியேறாமல் பிரிக்கும் உருக்காலை. அது பெல்ஜியம், ஸ்வீடன், ஜெர்மனி, ஜப்பான் போன்ற சில நாடுகளில்தான் பெரிய அளவில் இருக்கிறது. பிரிப்பது இங்கே, உருக்குவது அங்கே என்று இரண்டையும் இணைக்கலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாக நிபுணர்களிடையே இருக்கிறது. அக்போக்ப்ளோஷியில் ஜெர்மன் உதவியோடு நடந்த திட்டம் ஒன்று, எரிக்காத கேபிளை ஊக்கத்தொகை சேர்த்து வாங்கிப் பார்த்தது. எரித்தெடுத்த செம்பைவிட எரிக்காத கேபிளுக்கு அதிகம் கிடைத்தால் நெருப்பு தேவைப்படாது. தடை உத்தரவு சாதிக்காததை விலை சாதிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலோகம் உலோகமாக அளக்கும் பழக்கமும் மெல்ல வருகிறது. ஐரோப்பாவின் 2023 பேட்டரிச் சட்டம், கோபால்ட், செம்பு, ஈயம், நிக்கல் ஆகியவற்றில் 90 சதவீதத்தையும் லித்தியத்தில் 50 சதவீதத்தையும் 2027 முடிவுக்குள் மீட்கச் சொல்கிறது. 2031 முடிவில் அவை 95, 80 ஆக உயரும். இந்தியாவின் 2022 விதிகள், 2023 ஏப்ரலிலிருந்து, மீட்ட தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று உலோகவாரியாகச் சான்றிதழ் தருகின்றன. உற்பத்தியாளர் தன் இலக்குக்கு அவற்றை வாங்கிக் கணக்குக் காட்டுகிறார். பல்லேடியம், டாண்டலம், நியோடிமியம் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை.

அந்த இந்திய விதிகளில் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள் நான்கு வகை: தயாரிப்பாளர், சந்தைப்படுத்தும் உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர். பிரிப்புத் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்யும் வேலை மாநில அரசிடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் சான்றிதழை உருவாக்கும் சங்கிலியில் அவர்களுக்கு இடமில்லை, சேகரிப்பவருக்கும் இல்லை. ஐந்தாவதாக அவர்களுக்கும் ஒரு வரிசை வேண்டும் என்பேன். கம்ப்ரஸர் வெட்டாத ஃப்ரிட்ஜ், எரிக்காத கேபிள், முழுப் போர்டு, உப்பாத பேட்டரி என்று கொண்டுவரும் நிலைக்கு ஏற்ப, எடைக்கான விலைக்கு மேல் தனித்தொகை தர வேண்டும். அந்தத் தொகை உற்பத்தியாளர் கட்டும் பணத்திலிருந்து வர வேண்டும். இந்தியா மட்டுமில்லை, இந்தப் பொறுப்பை எழுதி வைத்திருக்கும் 67 நாடுகளின் சட்டத்திலும் நான் முதலில் தேடும் பத்தி இனி அதுதான்.